தொடரைப் பார்க்காதவர் ‘டிராகன் பால் சூப்பர்: ப்ரோலி’ பார்க்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சிறு வயதில் ‘டிராகன் பால் ஸீ’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்ததோடு சரி, இப்போது நண்பர்கள் ‘டிராகன் பால் சூப்பர்: ப்ரோலி’யைப் பார்க்கச் சொல்கிறார்கள், ஐந்நூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகளைப் பார்க்காமல் அந்தப் படம் புரியுமா, ப்ரோலி என்ற பாத்திரம் வரும் பழைய படங்களை முதலில் பார்த்தாக வேண்டுமா? இந்த இரண்டுக்கும் இரண்டே வரியில் பதில் சொல்லிவிடலாம். புரியும், பழைய படங்கள் தேவையில்லை. ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியில், ரசிகர் அல்லாத ஒருவருக்கு அந்தப் படத்தில் என்னதான் இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் பல ஆண்டுகள் கையால் வரையும் அனிமேஷனில் வேலை பார்த்து, இப்போது அதையே கற்றுக்கொடுக்கிறவன். ஆகவே ஓவியம், அசைவு பற்றி உறுதியாகப் பேச முடியும். கதையைப் பற்றிச் சொல்வதை, தொடரை முழுவதும் பார்த்த ஒரு பார்வையாளனின் கருத்தாகக் கொள்ளுங்கள். ஜப்பானிய வசனங்களை சப்டைட்டில் வழியாகவே பின்தொடர்கிறேன் என்பதால் அவற்றின் நயம் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எபிசோடுகளின் கணக்கைக் கேட்டு நீங்கள் மலைத்ததில் வியப்பில்லை. 1986-இல் தொடங்கிய முதல் தொடரில் 153, அதன் தொடர்ச்சியான ‘ஸீ’யில் 291, 2015 முதல் 2018 மார்ச் வரை வந்த ‘சூப்பர்’ தொடரில் 131 என்று மொத்தம் 575 எபிசோடுகள் இருக்கின்றன. கதாசிரியர் அகிரா தோரியாமாவின் மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, சாராமல் எடுக்கப்பட்ட ‘ஜிடி’யின் 64 எபிசோடுகள் இதில் சேரவில்லை. ‘சூப்பர்’ தொடர் முடிந்த அதே ஆண்டு, 2018 டிசம்பர் 14 அன்று, ஜப்பானில் இந்தப் படம் வெளியானது. டிராகன் பால் வரிசையில் இது இருபதாவது திரைப்படம். இயக்கியவர் தத்சுயா நகமினே. திரைக்கதையை எழுதியவர் தோரியாமாவே. 1984 முதல் 1995 வரை ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் மூல மங்காவை வரைந்து முடித்தவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே கதையின் தொடக்கத்துக்குத் திரும்பி வந்து எழுதினார் என்பதுதான் உங்களைப் போன்ற புதியவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

ஏனென்றால் படம் தொடரின் நாயகன் கோகுவிலிருந்து தொடங்கவில்லை. நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன்னால், சயான் இனத்தவர் வாழ்ந்த வெஜிட்டா கிரகத்தில் தொடங்குகிறது. அந்தப் போர்வீரர் இனத்தை அடக்கி ஆளும் பேரரசு தந்தையின் கையிலிருந்து மகன் ஃபிரீசாவின் கைக்கு மாறுகிறது. சயான்களின் அரசன், தன் மகனைவிட அதிக ஆற்றலோடு இன்னொரு குழந்தை பிறந்திருப்பதைக் கண்டு பொறாமை கொள்கிறான்; அந்தக் குழந்தையை யாருமற்ற வாம்பா என்ற கோளுக்கு அனுப்பிவிடுகிறான். அதுதான் ப்ரோலி. மகனைத் தேடி விண்கலத்தைக் கிளப்பிக்கொண்டு போகும் தந்தை பாராகஸ் அங்கேயே சிக்கிக்கொள்கிறான். சில ஆண்டுகள் கழித்து, ஃபிரீசா ஏதோ திட்டமிடுகிறான் என்று சந்தேகப்படும் பார்டாக் என்ற சாதாரணப் போர்வீரனும் அவன் மனைவி கினேயும் தங்கள் சிறுவனைக் காப்பாற்றப் பூமிக்கு அனுப்புகிறார்கள். அவன்தான் கோகு, பெற்றோர் இட்ட பெயர் காகரோட். அடுத்து ஃபிரீசா அந்தக் கிரகத்தையே அழித்துவிடுகிறான். இளவரசன் வெஜிட்டா அப்போது வேறிடத்தில் இருந்ததால் தப்புகிறான். ஆக மூன்று தகப்பன்கள், மூன்று பிள்ளைகள், அழியப்போகும் ஓர் உலகம். தொடரை ஒரு நிமிடம்கூடப் பார்க்காதவர் இதைப் பின்தொடர்வதில் எந்தச் சிரமமும் இல்லை. நூறு நிமிடப் படத்தில் முதல் பாதி ஏறக்குறைய முழுவதும் இப்படிப் பொறுமையாகச் சொல்லப்படும் கதைதான்.

இதற்கு மேல் தெரிந்திருந்தால் நல்லது என்று சிலவற்றைச் சொல்கிறேன். ஏழு டிராகன் பந்துகளையும் சேர்த்தால் ஷென்ரான் என்ற டிராகன் தோன்றி வரம் தரும். சயான்கள் கடும் சினத்திலோ துயரத்திலோ முடி பொன்னிறமாகி ‘சூப்பர் சயான்’ ஆவார்கள். பிந்தைய தொடரில் சிவப்பு, நீலம் என்று அதற்கு மேலும் படிகள் உண்டு. கோகு முதன்முறை அப்படி மாறியது, தன் நண்பன் கிரிலினை ஃபிரீசா கண்ணெதிரே கொன்றபோது. வெஜிட்டா முன்பு எதிரியாக இருந்தவன், இப்போது கோகுவோடு போட்டி போட்டுக்கொண்டே பயிற்சி செய்கிறவன். செத்துப்போன ஃபிரீசா, ‘சூப்பர்’ தொடரின் இறுதிப் போட்டியில் கோகுவின் அணிக்கு உதவியதற்குப் பரிசாக மீண்டும் உயிர் பெற்றிருக்கிறான். இவ்வளவு போதும். இவற்றில் கிரிலின் செய்தியை மட்டும் மறந்துவிடாதீர்கள். படத்தின் மிகக் கொடூரமான தருணத்தில், அன்று நடந்ததை நினைவில் வைத்திருக்கும் ஃபிரீசா, ப்ரோலியையும் அப்படி மாற்ற முடியுமா என்று பார்ப்பதற்காகவே பாராகஸைச் சுட்டுக் கொன்றுவிட்டு, குறி தவறிய தாக்குதலில் உன் தகப்பன் இறந்துவிட்டான் என்று மகனிடம் வருத்தம் காட்டி நடிக்கிறான். தொடரைப் பார்த்தவனுக்கு அந்தக் காட்சி உறைக்கும் அளவுக்குப் புதியவருக்கு உறைக்காது. காரணம் தெரிந்திருந்தால் பாதியாவது உறைக்கும்.

இனிப் பழைய படங்கள். ப்ரோலி முதலில் 1993 மார்ச்சில் வெளியான ‘ஸீ’ படமொன்றில் வந்தான். 1994-இல் மேலும் இரண்டு படங்கள் வந்தன. அந்தக் காலத்தில் இந்தப் படங்கள் பள்ளி விடுமுறைக் காலங்களில் தோயெய் நிறுவனம் பல குறும்படங்களைச் சேர்த்துத் திரையிடும் நிகழ்ச்சிகளுக்காக எடுக்கப்பட்டவை. டிவி தொடர் ஒருபுறம் ஓடிக்கொண்டிருக்க, அதன் கதைப்போக்கில் எதையும் மாற்றாமல், புதிதாக ஓர் எதிரியைக் கொண்டுவந்து தோற்கடித்து அனுப்பிவிடுவார்கள். தோரியாமா அந்தப் பாத்திரத்தின் தோற்றத்தை வரைந்து கொடுத்தார். கதையை எழுதியவர் தக்காவோ கொயாமா. அந்தப் ப்ரோலிக்குக் கோகுவின் மீது இருந்த வெறிக்குக் காரணம், குழந்தையாகத் தொட்டிலில் கிடந்தபோது பக்கத்துத் தொட்டிலில் கோகு ஓயாமல் அழுதான் என்பதே. நம்பத்தான் வேண்டும். இருந்தும் அந்த உருவத்தின் முரட்டு வலிமையால் கவரப்பட்ட ரசிகர்கள் ஜப்பானைவிட வெளிநாடுகளில் அதிகம் பெருகினார்கள்; வீடியோ கேம்களில் அவன் தவறாமல் இடம்பெற்றான். புதிய படத்தின் அறிவிப்பையொட்டி வெளியிட்ட குறிப்பில் தோரியாமா, பழைய ப்ரோலியின் கதை தனக்குக் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது என்றும், அவனைக் கொண்டுவரலாமே என்று ஆசிரியர் குழுவிலிருந்து யோசனை வந்த பிறகுதான் பழைய படத்தைப் பார்த்து, தன் கதைக்குள் பொருந்துமாறு திருத்தி அமைத்ததாகவும் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருந்தார்.

அந்தத் திருத்தம் என்ன என்பதைக் கவனித்தால் படத்தின் மதிப்பு புரியும். பழைய படத்திலும் தந்தை மகனை ஒரு கருவியால் கட்டுப்படுத்துவான். அங்கே அது தலையில் மாட்டிய வளையம், கதையை நகர்த்த ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். புதிய படத்தில் அது கழுத்துப் பட்டையாகிறது, தந்தை கையில் ரிமோட் இருக்கிறது, மகன் கட்டுப்பாட்டை இழந்தால் மின் அதிர்ச்சி பாய்கிறது. ஃபிரீசாவின் படையில் கூலிக்குச் சேர்ந்த சீலாய் என்ற இளம்பெண்ணும் லெமோ என்ற வயதானவனும் வாம்பாவில் இந்த இருவரையும் கண்டெடுத்துக் கப்பலில் ஏற்றுகிறார்கள். கப்பலில் குடிபோதையில் சீலாயிடம் வம்பு செய்யும் ஒருவனை ப்ரோலி அடித்து நொறுக்கும்போது தந்தை ரிமோட்டை அழுத்துகிறான். மகன் துடித்து விழுகிறான். அதைப் பார்த்த சீலாய் எதையும் அலட்டிக்கொள்ளாமல் பாராகஸிடமிருந்து அந்த ரிமோட்டைத் திருடிவிடுகிறாள். அது அங்கேயே உடைக்கப்படுகிறது. பிறகு மூவரும் அமர்ந்து பேசும் சிறு காட்சி வருகிறது. இடுப்பில் சுற்றியிருக்கும் பச்சை ரோமத்தோல் எதற்கு என்று அவள் கேட்கிறாள். வாம்பாவில் பா என்ற ராட்சத விலங்கொன்று இருந்தது, அதன் தாக்குதலிலிருந்து விலகி விலகியே ப்ரோலி பயிற்சி எடுத்தான், நாளடைவில் அது நட்பாகிவிட்டது. நட்பு வளர்ந்தால் சண்டைக்குப் பயன்பட மாட்டான் என்று எண்ணிய தந்தை அந்த விலங்கைச் சுட, காது மட்டும் அறுந்து விழுந்தது. அதன் பிறகு அது அவனிடம் நட்பு பாராட்டவே இல்லை. அவன் இடுப்பில் கட்டியிருப்பது அந்தக் காது. இருபத்தைந்து ஆண்டுகளாக ‘காகரோட்’ என்று கத்துவதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஓர் உருவத்துக்கு இந்த ஒரு காட்சியில் உயிர் வந்துவிடுகிறது. ரசிகர் அல்லாத ஒருவருக்கு இந்தப் படத்தை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் என் தொழில் சார்ந்தது. அனிமேஷனில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள். ஜப்பானிய வழக்கப்படி ஒரே ஓவியத்தை இரண்டு அல்லது மூன்று ஃபிரேம்களுக்கு நிறுத்திவைப்பார்கள். ஆக நொடிக்குப் பன்னிரண்டோ எட்டோ ஓவியங்கள் தேவைப்படும். ஒரு பாத்திரத்தின் மார்பிலும் கையிலும் தசையைக் காட்டப் பத்துக் கோடுகள் கூடுதலாக இருந்தால், ஒரு நொடிக்கு எண்பது முதல் நூற்றிருபது கோடுகளைக் கூடுதலாக வரைய வேண்டும். அவை ஓவியத்துக்கு ஓவியம் இடம் பிசகாமலும் இருக்க வேண்டும், ஒவ்வொரு நிழல் திட்டுக்கும் எல்லை பிடித்து வண்ணமும் அடைக்க வேண்டும். கோடுகள் கூடக் கூட வரைபவன் அசைவைக் குறைப்பான். அது சோம்பல் அன்று, வேறு வழி இல்லை. டிராகன் பாலின் பாத்திர வடிவமைப்பு நீண்ட காலம் தாதாயோஷி யமமுரோவின் கையில் இருந்தது. அவருடைய கோகு கூர்மையான விளிம்புகளும் பளபளக்கும் தசைகளும் உடையவன், நின்றால் கம்பீரமாக இருப்பான். ஆனால் அந்த உருவத்தை அசைப்பது கடினம். போதிய அவகாசமின்றி தொடங்கிய ‘சூப்பர்’ தொடரில், 2015-இல் வந்த ஐந்தாவது எபிசோடின் சிதைந்த முகங்கள் இணையமெங்கும் கேலிக்கு ஆளானதில் இதற்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு. அவகாசமின்மையே பெரிய காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் படத்துக்காகத் தோயெய் நிறுவனம் தேர்வு ஒன்று வைத்து நவோஹிரோ ஷின்தானியைப் புதிய வடிவமைப்பாளராகத் தேர்ந்தெடுத்தது. அவர் செய்தது வெட்டிக் குறைத்ததுதான். தசைக் கோடுகள் பாதியாகின, உடல் வட்டமாக மென்மையடைந்தது, நிழல் ஒரே ஒரு படியோடு நின்றது, கோடுகளின் தடிமன் குறைந்தது. நின்ற நிலையில் பார்த்தால் பழைய ரசிகர்களில் சிலருக்கு அது சப்பையாகத் தெரிந்தது. ஓடவிட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். முதல் மோதலில், பனிக்கண்டத்தின் மீது வெஜிட்டாவும் ப்ரோலியும் மோதும் இடத்தை ஃபிரேம் ஃபிரேமாக மாணவர்களுக்கு நிறுத்திக் காட்டுவது என் வழக்கம். கைகள் நீண்டு வளைகின்றன, முகம் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு வெறும் நான்கைந்து கோடுகளாகச் சுருங்குகிறது, உடலின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது ஒவ்வொரு அடியிலும் தெரிகிறது. இப்படி உருவத்தைக் குலைத்து வரையும் துணிவு, குறைந்த கோடுகள் கொண்ட வடிவத்தில்தான் வரும். சண்டையிடுபவனின் கண் வழியாகவே காட்சி பாய்ந்து செல்லும் சில நொடிகளும் உண்டு; டிவி தொடரில் அதற்கு வாய்ப்பே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ப்ரோலி சண்டை போடத் தெரிந்தவனாகத் தொடங்குவதில்லை. முதலில் அவன் அடிகள் தாறுமாறாக விழுகின்றன. எதிரில் இருப்பவனைப் பார்த்துப் பார்த்து அவன் கற்றுக்கொள்கிறான், சிறிது நேரத்தில் வெஜிட்டாவின் அசைவுகளுக்கு ஈடு கொடுக்கிறான். வசனம் ஏதும் இல்லாமல் ஓவியத்தாலேயே இது சொல்லப்படுகிறது. இந்த வகைப் படங்களில் சண்டை தொடங்கினால் கதை நின்றுவிடும் என்பது பொதுவான குறை. இங்கே சண்டையின் முதல் பகுதியிலாவது அது நிற்கவில்லை.

‘முதல் பகுதியிலாவது’ என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாம் பாதி கிட்டத்தட்ட ஒரே சண்டை. தந்தையை இழந்த ப்ரோலி பொன்னிறமான பிறகு அவனுக்குள் நடப்பது எதுவும் நமக்குக் காட்டப்படுவதில்லை; கர்ஜனை மட்டுமே மிஞ்சுகிறது. கோகுவும் வெஜிட்டாவும் இணைந்து கொகேட்டா ஆகும் கட்டத்தில் வானமே கண்ணாடிபோல உடைந்து வேறொரு பரிமாணத்துக்குள் விழுகிறார்கள். அங்கே கணினி வரைகலை அதிகம் கலக்கிறது; கையால் வரைந்த பகுதிகளில் இருந்த எடை அங்கே கொஞ்சம் காணாமல் போகிறது என்பது என் கண்ணுக்குப் படுவது. அதுதான் படத்தின் உச்சம் என்று கொண்டாடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் வாதாட மாட்டேன். கோகுவுக்கும் வெஜிட்டாவுக்கும் இந்தப் படத்தில் மன அளவில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்பதும் உண்மை. நடுவில் நகைச்சுவைக்குக் குறைவில்லை. உலகையே ஆள நினைக்கும் ஃபிரீசா டிராகனிடம் கேட்க நினைக்கும் வரம் ஐந்து சென்டிமீட்டர் உயரம். கோகுவின் பழைய தோழி புல்மா கேட்க நினைப்பது ஐந்து வயது இளமையான தோற்றம். இருவருமே, ஒரேயடியாக அதிகம் கேட்டால் வெளியே தெரிந்துவிடும் என்று கணக்குப் பார்த்தவர்கள். தோரியாமாவின் கை எங்கே இருக்கிறது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

இது ‘உண்மையான’ கதைவரிசையில் சேருமா என்றும் கேட்டிருந்தீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. திரைக்கதை மூல ஆசிரியருடையது. கோகு பூமிக்கு அனுப்பப்படும் பகுதி, 2014-இல் அவர் வெளியிட்ட ஒரு சிறு மங்கா அத்தியாயத்தை அடியொற்றியது. 1990-இல் வந்த டிவி சிறப்புப் படத்தில் கோகு பிறந்த குழந்தையாக அனுப்பப்படுவான், இங்கே சற்று வளர்ந்த சிறுவன். ஆக அந்தப் பழைய கதை விலக்கப்பட்டுவிட்டது. கொகேட்டா 1995-இல் ஒரு படத்திலும் பிறகு ‘ஜிடி’யிலும் வந்த உருவம், இந்தப் படத்திலோ இணைவதற்கான நடன அசைவுகளை வெஜிட்டா அப்போதுதான் முகம் சுளித்துக்கொண்டே கற்கிறான், இரண்டு முறை தவறாகச் செய்து ஒருமுறை குண்டாகவும் ஒருமுறை நோஞ்சானாகவும் உருமாறுகிறான். ஆகவே பழைய கொகேட்டாவும் கணக்கில் இல்லை. 2022-இல் வந்த அடுத்த படமான ‘சூப்பர் ஹீரோ’வில் ப்ரோலியும் சீலாயும் லெமோவும் வருகிறார்கள், எனவே இந்தக் கதை நடந்ததாகவே பின்னால் வந்தவை எடுத்துக்கொள்கின்றன.

ஐயத்துக்கு இடமுள்ளவையும் உண்டு. டிவி தொடரில் வெஜிட்டா ஒருபோதும் சிவப்பு முடி நிலையை எடுத்ததில்லை. தோயோதாரோ வரைந்த ‘சூப்பர்’ மங்காவில் எடுத்திருக்கிறான். படத்தில் அவன் அதைப் பழகிய ஒன்றாகவே பயன்படுத்துகிறான். அப்படியானால் படம் டிவி தொடரின் தொடர்ச்சியா, மங்காவின் தொடர்ச்சியா? இரண்டுக்கும் முழுமையாகப் பொருந்தாமல் இரண்டோடும் ஒட்டி நிற்கிறது என்பதுதான் நேர்மையான பதில். அதேபோல, ப்ரோலி அழிவுக் கடவுள் பீரஸைவிட வலியவனா என்று ரசிகர்கள் சண்டையிடுவதைப் பார்ப்பீர்கள். அவன் பீரஸைவிட வலியவனாகக்கூட இருக்கலாம் என்று படத்தில் கோகு சொல்கிறான் என்பது மட்டுமே உறுதி. ஒரு பாத்திரம் வியப்பில் சொன்னதை ஆசிரியரின் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. புதியவரான நீங்கள் இந்த விவாதங்களில் நேரம் செலவிட வேண்டிய தேவையே இல்லை.

வணிக அளவில் படம் பெற்ற வெற்றி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. உலகளவில் 10 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது; 2019 ஜனவரியில் வெளியான அமெரிக்காவில் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல். விடுமுறைக்கால இணைப்பாகத் தொடங்கிய இந்த வகைப் படங்கள், தொடரின் அடுத்த கட்டக் கதையைத் திரையரங்கில்தான் சொல்வோம் என்ற நிலைக்கு வந்ததில் 2013-இல் வந்த ‘பேட்டில் ஆஃப் காட்ஸ்’ முதல் படி என்றால், ‘ப்ரோலி’ அதை நிலைநிறுத்தியது என்று சொல்லலாம்.

எந்த மொழியில் பார்ப்பது என்பதைப் பொறுத்தவரை, இந்த ஒரு படத்தையாவது ஜப்பானிய ஒலியில் பாருங்கள் என்பேன். கோகுவுக்குக் குரல் கொடுக்கும் மசாக்கோ நோசாவா 1936-இல் பிறந்தவர்; படம் வெளியானபோது வயது 82. 1986 முதல் கோகு அவர் குரலில்தான் பேசுகிறான். இதில் அவனுடைய தந்தை பார்டாக்கும் அவரேதான். ப்ரோலிக்கு 1993-இல் குரல் கொடுத்த ‘பின் ஷிமாதா’ என்ற நடிகரே இங்கும் கொடுத்திருக்கிறார். படம் பிடித்துப்போய் மேலே போக விரும்பினால் ‘சூப்பர்’ தொடரின் முதல் எபிசோடிலிருந்து தொடங்காதீர்கள். முதல் 27 எபிசோடுகள் ‘பேட்டில் ஆஃப் காட்ஸ்’, ‘ரிசரெக்‌ஷன் எஃப்’ ஆகிய இரண்டு படங்களின் கதையையே இழுத்துச் சொல்பவை. அந்தப் படங்களையே பார்த்துவிட்டு 28-ஆவது எபிசோடுக்கு வரலாம். வாசிக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது: 42 தொகுதிகள் கொண்ட மூல மங்காவின் முதல் தொகுதியிலிருந்து தொடங்குங்கள்.